குடியும் காகிதமும்

அரசு என்பது எவ்வாறு தோன்றிற்று, அயலார் ஆட்சி அதனை எவ்வாறு உருமாற்றிற்று, அவ்வாட்சி அகன்ற பின்னர்க் 'குடிமகன்' எனத் தக்கவன் யாவன் என்னும் மூன்று வினாக்களையும் ஒரே பாடமாகக் கோத்து இன்று பல்கலைக்கழகங்களில் போதிக்கின்றனர். நம் சமுதாயப் பிள்ளைகளும் இப்பாடத்தை ஆர்வத்தோடு பயில்கின்றனர். மகிழத்தக்க செய்தியே. ஆயினும் அவர்கள் கைகளிலுள்ள நூல்களைப் புரட்டுங்கால் ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் அவற்றில் நிரம்பக் கிடக்கின்றன. திருவண்ணாமலையும் மண்டபமும் நுவரெலியாவும் தேடினும் அரிதாகவே கிடைக்கின்றன. அயல்நாட்டு உதாரணம் கற்கக் கூடாதென்பதன்று நம் கருத்து. 1996-இல் வெளிவந்த மஹ்மூத் மம்தானியின் நூல், ஆப்பிரிக்காவை ஆண்ட வெள்ளையர் அரசு மக்களைக் குடிமக்கள் என்றும் கீழ்க்குடிகள் என்றும் இரு கூறாக்கியதையும், விடுதலைக்குப் பின்னும் அப்பிளவு ஆறாதிருந்ததையும் விளக்குகின்றது. அதனை எழுதியவரே 1972-இல் உகாண்டாவின் இடி அமீன் 90 நாள் தவணை தந்து விரட்டிய ஆசியர்களுள் ஒருவர். பட்டவர் எழுதிய நூல் என்பதால் அதற்கு ஒரு கனம் உண்டு. ஆனால் பட்டவர் நம் அண்டையிலும் இருக்கின்றனர் என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டாமா?

சொற்களிலிருந்து தொடங்குவோம், மதரஸாவில் பயின்றவர்க்குச் சொல்லின் வேரைத் தேடுவது ஒரு பழக்கம்.

தமிழில் 'குடி' என்னும் சொல் குடும்பத்தையும் குறிக்கும்; வாழும் இடத்தையும் குறிக்கும்; அரசனுக்கு உட்பட்டவரையும் குறிக்கும். குடியிருப்பு, குடிக்கூலி, குடிபுகுதல், குடிமராமத்து என அதன் கிளைகள் யாவும் ஓரிடத்தில் தங்கி வாழ்வதையே சுற்றி வருகின்றன. அரபு மொழியில் அரசைக் குறிக்கும் 'தவ்லத்' என்னும் சொல்லின் வேர்ப்பொருள் சுழலுதல், கைமாறுதல் என்பதாம். இன்று ஒருவரிடம், நாளை மற்றொருவரிடம். ஆளப்படுவோரைக் குறித்த பழஞ்சொல் 'ரஇய்யத்'. மேய்ப்பவனால் காக்கப்படும் மந்தை என்பது அதன் பொருள். இச்சொல்லே பாரசீகத்தின் வழியாக இந்தியா வந்து 'ரயத்து' ஆயிற்று. சர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்தில் நிலைநாட்டிய ரயத்துவாரி முறை நம் உழவர்களுக்குச் சூட்டிய பெயரும் அதுவே. தாலுகா, ஜில்லா, ஜமாபந்தி, மகஜர், ரசீது, வக்கீல், ஆஜர் என்று நம் ஊர்க் கச்சேரிகளில் இன்றும் ஒலிக்கும் சொற்களைக் கேட்கும் எவரும், கும்பினியார் நவாபுகளின் நாட்டை மட்டுமன்றி அவர்களுடைய அகராதியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டனர் என்பதை உணர்வர்.

பிற்கால அரபியர்க்குக் 'குடிமகன்' என்னும் புதுக்கருத்தைச் சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது. 'வதன்' என்றால் தங்கி வாழும் இடம். அதிலிருந்து 'முவாத்தின்' என்று ஆக்கிக்கொண்டனர். ஓரிடத்தில் உடன் வாழ்பவன் என்பது அதன் பொருள். ஆனால் கடவுச்சீட்டில் பொறிக்கும் நாட்டுரிமையைச் சொல்ல வேறொரு சொல்லை எடுத்தனர்: 'ஜின்சிய்யா'. இது 'ஜின்ஸ்' என்பதிலிருந்து வந்தது. இனம், வகை என்பது பொருள். ஒரு சொல் வாழிடத்திலிருந்து பிறந்தது. மற்றொன்று இனத்திலிருந்து பிறந்தது. நீ எங்கே வாழ்கிறாய் என்று ஒன்று கேட்கிறது. நீ யாருடைய பிள்ளை என்று மற்றொன்று கேட்கிறது. இவ்விரு கேள்விகளுள் அரசு எதனைக் கேட்பது நியாயம் என்பதே நாம் ஈண்டு ஆராய விழையும் பொருள்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டியுள்ள ரமணாசிரமம் பகுதியை அறியாதார் இலர். வெளிநாட்டார் நடமாட்டம் மிகுந்த இடம். ரமணரின் சமய நெறி நம் கட்டுரைக்குப் பொருளன்று. அவர் வாழ்ந்த காலக் கணக்கே நமக்கு வேண்டுவது. திருச்சுழியில் 1879-இல் பிறந்த அவர், 1896 செப்டம்பர் 1-ஆம் நாள் இவ்வூருக்கு வந்தார். 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இங்கேயே மறைந்தார். இடைப்பட்ட ஏறத்தாழ 54 ஆண்டுகளில் அவர் இவ்வூரைவிட்டு எங்கும் சென்றாரல்லர். வந்தபோது அவர் விக்டோரியா அரசியின் பிரஜை. 1947-இல் ஆங்கிலக் கொடி இறங்கிற்று. அரசியல் சட்டத்தின் குடியுரிமைப் பிரிவுகள், ஏனைய பிரிவுகளுக்கு முன்னதாகவே, 1949 நவம்பர் 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. அன்றுமுதல் அவர் இந்தியக் குடிமகன். அவர் ஓர் அடிகூட நகரவில்லை; அவர்மீது கவிந்திருந்த அரசே நகர்ந்தது. 'தவ்லத்' என்பதன் பொருளுக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

இதே ஆசிரமத்தில் இன்னொருவரும் இருந்தார். ஆங்கிலப் படையில் பணியாற்றிய மேஜர் சாட்விக் என்பார் 1935-இல் இங்கு வந்து, 1962-இல் இறக்கும்வரை இவ்வூரிலேயே வாழ்ந்து இங்கேயே அடங்கினார். வந்தபோது அவர் ஆளும் இனத்தவர். பன்னிரண்டே ஆண்டுகளில், தம் குடிலைவிட்டு வெளியேறாமலே, அயல்நாட்டார் ஆனார். ஆயினும் அவரை எழுந்து போ என்று எவரும் சொல்லவில்லை. அண்டையிலிருந்தோர் அவரைத் தம்முடன் வாழ்பவராகவே கொண்டனர். ஆளும் இனத்தவராக இருந்தவர்க்குக் கிட்டிய இப்பேறு ஏழைக்கும் கிட்டிற்றா என்பதைப் பின்னர்க் காண்போம்.

அரசு ஆசிரமத்தையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நிலமும் கட்டடமும் சேர்ந்த இடத்தில் வழக்கும் சேரும். துறவி சொத்துக்கு உரியவராகலாமா, அவர் எந்த ஆசிரம நிலையைச் சார்ந்தவர் என்று நீதிமன்றத்தார் ரமணரிடமே வாக்குமூலம் கேட்கும் நிலை 1936-இல் ஏற்பட்டது. நால்வகை நிலைகளுக்கும் அப்பாற்பட்டவன் என்ற கருத்தில் அவர் விடை கூறினார். 1938-இல் உயில் எழுதியபோது பெயரிட்டுக் கையொப்பமிடாமல் ஒரு கோடு மட்டும் கிழித்தார் என்று ஆசிரமத்தார் எழுதியுள்ளனர். வகையும் பெயரும் இல்லாத மனிதனை அரசுக்குப் புரிவதில்லை. கோடு கிழித்துத் தப்பிக்கும் வசதி ஞானிக்கு வாய்க்கலாம், கூலிக்கு வாய்க்காது.

இம்மலையைச் சுற்றிய மண் கண்ட அரசுகள் பல. ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் இதைத் தலைநகராகக் கொண்டிருந்தான். மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டு, 1342-43 அளவில் கொல்லப்பட்டான். அவனுடைய தோலில் வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைத் தம் கண்களால் கண்டதாக இப்னு பதூதா எழுதுகிறார். அதைச் செய்த கியாதுத்தீன் அவருக்குச் சகலை முறை. அவ்வாறிருந்தும், பெண்களையும் குழந்தைகளையும் கியாதுத்தீன் கொன்ற கொடுமையை, வேறெந்த மன்னனிடமும் தாம் காணாத இழிசெயல் என்ற கருத்தில் அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். நம் சமுதாயத்தார் இப்பகுதியையும் மறையாது படிக்கவேண்டும். தம்மவர் செய்த தீமையைத் தீமை என்று சொல்லும் துணிவு அந்தப் பயணியிடம் இருந்தது.

வல்லாளனுக்குப் பின் விஜயநகரத்தார், நாயக்கர், மராட்டியர், ஆர்க்காட்டு நவாபுகள். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒருபுறமாகவும் கும்பினிப் படை மறுபுறமாகவும் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் மோதினர். 1801-இல் கர்நாடகம் முழுவதும் கும்பினியார் கைக்குச் சென்றது. இந்த அரசர்களைப் போற்ற நாம் முனையவில்லை. வாளால் பிடித்தனர், வரியால் வாழ்ந்தனர். குடிகளுக்கு அவர்கள் வாக்குரிமையும் தரவில்லை, பேச்சுரிமையும் தரவில்லை. ஒன்று மட்டும் அவர்கள் செய்யவில்லை: வரி கொடுத்து உழுதுகொண்டிருப்பவனை நிறுத்தி, 'உன் பாட்டன் எங்கே பிறந்தான், சான்று காட்டு' என்று கேட்கவில்லை. அவர்களுக்கு அந்தக் கேள்வியில் ஆதாயம் இல்லை; அதைக் கேட்கும் காகிதமும் இல்லை.

வெள்ளையர் அரசு காகித அரசு. நிலத்தை அளந்தது; 1871 முதல் மக்களை எண்ணிற்று; எண்ணியவர்களைச் சாதி, சமயம், இனம் எனக் கட்டம் போட்டு அடைத்தது. தன் காகிதத்தைக் கடல் கடந்தும் கொண்டுசென்றது. இலங்கை மலைநாட்டில் முதலில் காப்பித் தோட்டமும், 1869-இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டமும் எழுந்தன. காடு வெட்டவும் கொழுந்து பறிக்கவும் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய சீமைகளிலிருந்து ஏழை மக்கள் கங்காணிகளின்பின் சென்றனர். ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின், கடன் தீர்ந்தால் விடுவிப்பேன் எனத் துரை எழுதித் தரும் சீட்டு ஒன்று வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். அத்துண்டுச் சீட்டில் கூலியின் கடன் கைமாறிற்று. கடனோடு கூலியும் கைமாறினான். 1921-இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது.

இலங்கையோடு நம் சமுதாயத்துக்கும் பழந்தொடர்பு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து கொழும்புக்குச் சென்ற சபராளிகளின் கடைகள் பேட்டைத் தெருக்களில் நிறைந்திருந்தன. அங்கிருந்த முஸ்லிம்களை 'இலங்கைச் சோனகர்', 'இந்தியச் சோனகர்' என 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பிரித்தெழுதிற்று. ஒரே பள்ளியில் தொழுதவர்கள் இரு கட்டங்களில் விழுந்தனர். 1915-இல் கலவரம் மூண்டபோது கரையோரச் சோனகர் எனப்பட்ட இந்திய வணிகர்கள்மீதே முதற்கண் பகை பாய்ந்தது என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர். எழுதியவன் கணக்குக்காக எழுதியிருக்கலாம். கோடு விழுந்தபின் அதன் இருபுறமும் மக்கள் நின்றுவிடுகின்றனர்.

1931-இல் இலங்கையில் வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளர்கள் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948 பிப்ரவரி 4-ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டு நவம்பரிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற அரசு தன் மக்களைப் பார்த்துக் கேட்ட முதற்கேள்விகளுள் ஒன்று இது: உன் தந்தை இங்கே பிறந்தாரா? அன்றேல் உன் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தனரா? மலையுச்சி லயன்களில் பிறந்து மடிந்தவர்கள் முப்பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவர்? அக்கேள்வியை இலங்கையின் எல்லாக் குடும்பங்களிடமும் ஒரே கண்டிப்போடு கேட்டிருந்தால் சான்று காட்டத் திணறியிருப்போர் எத்தனை பேர்! கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களே. மறு ஆண்டு 'இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்' சட்டம் என்று ஒன்று வந்தது. பெயரிலேயே அவர்களை வெளியே நிறுத்திவிட்டனர். ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் சுமார் 1,34,000 பேரே. வாக்குரிமையும் 1949-இல் பறிக்கப்பட்டது.

இச்சட்டங்களின்போது இலங்கைத் தமிழர் தலைமையே பிளந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலைநாட்டாருக்கு இன்று நேர்வது நாளை ஏனையோர்க்கும் நேரும் என அவர் அஞ்சினார். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது அவ்வச்சம் மெய்யாயிற்று.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதென முடிவு செய்தனர். எஞ்சிய 1,50,000 பேரின் பங்கு 1974-இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாயிற்று. ஃபராயிழ் எனும் பாகப்பிரிவினைச் சட்டத்தை மாணவர்களுக்குக் கற்பிப்போர்க்கு இக்கணக்கு பழகிய கணக்காகவே தோன்றும். இறந்தவரின் சொத்தை வாரிசுகள் உரிய விகிதத்தில் பிரிப்பர். மீதியுள்ளதைப் பின்னர்ப் பங்காளிகளுக்கே திருப்புவர். ஆங்கிலப் பேரரசு இறந்தது. அது விட்டுச்சென்ற சொத்தாக மனிதர்களையே இரு வாரிசுகள் பங்கிட்டுக்கொண்டனர். எவரையும், 'நீ எங்கே வாழ விரும்புகிறாய்' என்று கேட்டபின் அந்த எண் வகுக்கப்படவில்லை. எண்ணை வகுத்தபின்னரே விண்ணப்பம் வாங்கினர். கால்நடையைப் பங்கிடும்போதுகூடத் தாயையும் கன்றையும் பிரிக்க நம் ஊர்ப் பெரியவர்கள் தயங்குவர்.

வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினர். நீலகிரியில் தமிழக அரசு அவர்களுக்காகத் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிற்று. அங்கே பயனடைந்தோர் உண்டு. காணாத ஊரைத் தாயகம் என்று நம்பி வந்து, 'சிலோன்காரர்' என்ற பெயரோடு ஒதுங்கி நின்றோரும் உண்டு. பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர்க்கும் இதே அனுபவம் இருந்தது. இரங்கூனில் அவர்களைக் 'கலா' என்று இகழ்ந்தனர். சென்னையில் 'பர்மாக்காரர்' என்றனர்.

1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. அதன்பின் படகுகளில் வந்தோரை முதலில் தங்கவைத்தது மண்டபம் முகாம். அதே மண்டபத்தில்தான், ஒரு காலத்தில், இலங்கைக்குச் செல்லும் கூலிகளை நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்தனர். பாட்டனை அனுப்பிய கதவு, பேரனை அகதியாக ஏற்றது. 2021-இல் தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தனர். திருவண்ணாமலை மாவட்டத்திலும் அத்தகைய முகாம்கள் உள்ளன. அவ்வாண்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றி, வீடு கட்டவும் கல்விக்கும் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. நற்செயல்; பாராட்டுகிறோம். ஆயினும் பெயர்ப்பலகை மாறியதால் சட்டத்தின் பார்வை மாறவில்லை. குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை.

இலங்கையோ 1988-இலும் 2003-இலும் சட்டம் இயற்றித் தன் மண்ணிலிருந்த நாடற்ற மலைநாட்டாரைக் குடிமக்களாக்கிற்று. காலம் கடந்ததாயினும் அது திருத்தமே. இங்கு வந்து சேர்ந்துவிட்ட அவர்களுடைய உறவினர்கள்தாம் இடையில் நின்றுபோயினர்.

இந்திய அரசியல் சட்டத்தின் 5-ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வாழிடம் இந்தியாவாக இருக்கவேண்டும். அத்துடன் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது பெற்றோருள் ஒருவர் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது ஐந்தாண்டுகள் இங்கே வாழ்ந்திருக்கவேண்டும். பிரிவினையின் குருதி காயாத நாளிலும் அச்சட்டத்தை வகுத்தோர் வாழிடத்தை அடிப்படையாகக் கொண்டனர். 'முவாத்தின்' என்னும் சொல்லின் பொருளை அவர்கள் உணர்ந்திருந்தனர் எனலாம். 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே பிறந்தவரைக் குடிமகன் என்றது. பின்னரே கதவு சிறிது சிறிதாகச் சாத்தப்பட்டது. 1987 ஜூலை 1-க்குப் பின் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவர் இந்தியராக இருக்கவேண்டும் என்றனர். 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்தவர்க்கு இருவருமே இந்தியராகவோ, ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்லாதவராகவோ இருக்கவேண்டும் என்றனர். பிறந்த இடத்திலிருந்து பெற்றோரின் குருதிக்கு, 'வதன்' என்பதிலிருந்து 'ஜின்ஸ்' என்பதற்கு, சட்டம் மெல்ல நகர்ந்தது.

ஓர் அரசு தன் எல்லையைக் காக்கக் கூடாதா, வருவோர் போவோர்க்கெல்லாம் குடியுரிமை வழங்க முடியுமா என்று சிலர் வினவுவர். நேர்மையான வினா. வாயிலைக் காப்பது வீட்டுக்காரனின் உரிமை என்பதை மறுக்கமாட்டோம். அந்நியனுக்கு 'அமான்' எனும் அடைக்கலம் தருவதையும், அதன் தவணையையும் நம் ஃபிக்ஹு நூல்களே விரிவாகப் பேசுகின்றன. ஆனால் அதே நூல்கள் இன்னொன்றையும் பேசுகின்றன. பயணி எப்போது பயணி என்ற நிலை நீங்கி 'முகீம்' எனும் தங்குபவன் ஆகிறான் என்பது தொழுகைப் பாடத்தில் சிறுவர்க்கும் தெரிந்த சட்டம். ஷாஃபிகள் நான்கு நாள் என்பர். ஹனஃபிகள் பதினைந்து நாள் என்பர். மணம் புரிந்து, பிள்ளை பெற்று, திரும்பிச் செல்லும் எண்ணமின்றி வாழும் ஊர், பிறந்த ஊரைப் போலவே ஒருவனுக்கு 'வதன் அஸ்லீ', அதாவது மூலத் தாயகம் ஆகிவிடும் என்று ஹனஃபி நூல்கள் கூறும். தொழுகைச் சட்டத்தைக் குடியுரிமைச் சட்டமாக்க நாம் முயலவில்லை. பயணம் என்பது எந்நாளும் நீளும் நிலையன்று, அதற்கு ஒரு முடிவு உண்டு என்ற அறிவு அதில் இருக்கிறது என்பதையே சுட்டுகிறோம். மக்காவிலிருந்து வந்தோரை மதீனாவில் 'முஹாஜிர்' என்றழைத்தது உண்மை. அப்பெயர் அவர்களுக்குச் சிறப்பாக இருந்ததேயன்றி விலங்காக இருந்ததில்லை.

இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய முகத்திமாவில் நாற்பது ஆண்டை ஒரு தலைமுறை எனக் கணக்கிடுகிறார். பனூ இஸ்ராயீல் பாலைவனத்தில் கழித்த நாற்பது ஆண்டுகளில் அடிமை வாழ்வை அறிந்த தலைமுறை மறைந்து, அதை அறியாத புதிய தலைமுறை எழுந்தது என்பது அவர் கருத்து. 1983-இலிருந்து எண்ணிப் பாருங்கள், நாற்பதும் கடந்துவிட்டது. முகாமில் பிறந்தவர்க்கு இலங்கை ஒரு பாட்டியின் நினைவு மட்டுமே. தமிழகப் பாடநூலைப் படித்து, தமிழகத் தேர்வை எழுதி, தமிழகத்துச் சுவர்களுக்கு வண்ணம் பூசிப் பிழைப்பவர்கள் அவர்கள். அவர்களைப் பயணி என்று இன்னும் அழைப்பது மொழிக்கே அநீதியாகும்.

2019-இல் அசாம் மாநிலத்தில் தேசியக் குடிமக்கள் பதிவேடு வெளியானபோது 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் விடுபட்டனர். அவர்களுள் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தார்க்கு அது வழி திறந்தது. அவ்வறுவகையில் முஸ்லிம்கள் இல்லை, அம்மூன்று நாடுகளில் இலங்கை இல்லை. அந்நாட்களில் நம் வீடுகளில் இரும்புப் பெட்டிகள் திறக்கப்பட்டன. பாட்டனாரின் பத்திரம், பள்ளிச் சான்று, நிக்காஹ் தஃப்தர் எனத் தேடாத குடும்பம் இல்லை. அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் முப்பாட்டனின் காகிதம் கேட்கப்பட்டுத் தவித்த மக்கள், அச்சட்டம் வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் அண்டையில் இருந்தனர் என்பதை எத்தனை வீடுகளில் பேசினோம்? காகிதம் கேட்பது அநீதி என்றால் அது எவரிடம் கேட்டாலும் அநீதி. நம் கதவைத் தட்டும்போது மட்டும் அநீதியாகத் தோன்றுவது அறமாகாது. அது வெறும் அச்சம்.

இங்கே ஒரு தடையை எதிர்பார்க்கிறோம். 1990 அக்டோபர் 30-ஆம் நாள் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத் தவணையில் விரட்டினரே, வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் உடுத்த துணியோடு புத்தளத்துக்கு ஓடினரே, அதை மறப்பதா என்று கேட்பர். மறக்கவேண்டியதில்லை, மறக்கவும் கூடாது. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் குடியிருந்தவர்கள் அவர்கள். குடியுரிமைக் காகிதமும் அவர்களிடம் இருந்தது. இரண்டும் அன்று காக்கவில்லை. அரசு மட்டுமே மனிதனை வேரோடு பிடுங்கும் என்பதில்லை. துப்பாக்கி ஏந்திய அண்டைவீட்டானும் பிடுங்குவான். உடன் வாழ்பவனை உடன் வாழ்பவன் என ஏற்கும் மனம் அழிந்த இடத்தில் காகிதம் வெறும் தாளாகிறது. ஆனால் அந்தக் கொடுமையைச் செய்த இயக்கத்தின் கணக்கை, அதன் குண்டுகளுக்கும் அஞ்சி ஓடிவந்த ஒரு தாயின்மீதும், இங்கே பிறந்த அவளுடைய பிள்ளையின்மீதும் எழுதுவது எந்த நீதியில் சேரும்? ஒருவன் பாவத்தை மற்றொருவன் சுமப்பதில்லை என்பது நம் பிள்ளைகள் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்றன்றோ? இப்னு பதூதா தம் சகலையின் குற்றத்தைச் சகலையின் பெயரிலேயே எழுதினார். அவனுடைய ஊராரின் பெயரில் எழுதவில்லை.

நீதிமன்றங்களில் சிறிது வெளிச்சம் தெரிகிறது. 2019 ஜூனில் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம், முகாம்களிலுள்ள மலைநாட்டு வழித்தோன்றல்களின் குடியுரிமை வேண்டுதல்களைப் பரிவோடு ஆராயுமாறு வழிகாட்டிற்று. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி, பிறப்பாலேயே தாம் இந்தியர் என்று வழக்காடி, 2022-இல் தீர்ப்புப் பெற்றார். 2024 ஏப்ரலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து சென்று முதன்முதலாக வாக்களித்தார். 1946-இல் வெள்ளையர் அரசு தன் கடைசி நாட்களில் இயற்றிய அந்நியர் சட்டம், விடுதலை பெற்ற நாட்டில் 79 ஆண்டுகள் உயிரோடிருந்து, 2025 செப்டம்பரில் புதிய சட்டத்துக்கு இடம் தந்தது. அப்புதிய சட்டத்தின்கீழ் வந்த ஆணை, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கிற்று. சிறைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற அளவில் அது ஆறுதலே. குடிமக்கள் என்று அது அவர்களைச் சொல்லவில்லை.

அப்பெண்மணிக்குக் கிட்டிய தீர்ப்பு, அவருக்குப் பின் முகாமில் பிறந்தவர்க்குப் பயன்படாது. ஒரே கூரையின்கீழ், ஒரே தாய்க்கு, 1987 ஜூன் மாதத்தில் பிறந்த அக்காள் சட்டப்படி இந்தியக் குடிமகள். அடுத்த ஆண்டு பிறந்த தம்பி அந்நியன். அவனுக்கும் இன்று நாற்பது வயது நெருங்குகிறது.